கட்டடமே இல்லாத சபை – நாகசாகியில் ஒரு கதவு

போன மாசம் ஊர்லேர்ந்து பெரியப்பா கூப்பிட்டிருந்தார். கோயில் கூரையை மாத்தப் போறாங்களாம், குடும்பத்துக்கு இவ்வளவுன்னு வரி போட்டிருக்காங்களாம், என் பங்கு எப்ப வரும்னு கேட்டார். (எங்க பக்கம் கத்தோலிக்கர்கள் சர்ச்சைக் கோயில்னுதான் சொல்லுவோம். பழக்கமில்லாதவங்க குழம்ப வேண்டாம்.) நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, "சபைன்னா ஜனங்கதானே பெரியப்பா, கட்டடமா முக்கியம்?"னு கேட்டுத் தொலைச்சேன்.

"பேசுறதுக்கு நல்லாத்தான் இருக்கு. மழை பேஞ்சா உன் சபை எங்கடா நிக்கும்?"

பதில் இல்லை. பணத்தை அனுப்பிட்டேன் :-)

ஆனா கேள்வி மண்டைக்குள்ளேயே ஓடிக்கிட்டிருந்தது. 'சபை என்றால் மக்கள்' என்பது எல்லாப் பிரசங்கத்திலும் வர்ற வரி. நல்ல கூரைக்குக் கீழே, மின்விசிறி சுத்த உக்காந்துக்கிட்டு சொல்றது சுலபம். நிஜமாகவே கட்டடம் இல்லாம, சாமியாரும் இல்லாம ஒரு கூட்டம் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? ஒரு தலைமுறை? இரண்டு? இதற்கு வரலாற்றில் ஒரு பதில் இருக்கு. அது ஜப்பானில் இருக்கு. கொஞ்சம் நீளமான கதை, டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

முதல்ல சொல்லைப் பார்த்துடுவோம். புதிய ஏற்பாட்டில் வரும் கிரேக்கச் சொல் 'எக்லேசியா'. ஏதென்ஸ் மாதிரி நகரங்களில் குடிமக்கள் ஒன்றுகூடித் தீர்மானம் போட்ட கூட்டத்துக்கு அந்தப் பெயர். செங்கல், சுண்ணாம்பு எதுவும் அந்தச் சொல்லில் கிடையாது. ஆங்கிலத்தில் இருக்கும் 'சர்ச்' வேறு வேரிலிருந்து, 'ஆண்டவருடையது' என்கிற பொருளுள்ள 'கிரியாகோன்' என்பதிலிருந்து வந்தது. அதனால ஒரே வார்த்தை கட்டடத்துக்கும் ஆகுது, கூட்டத்துக்கும் ஆகுது. தமிழில் நமக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது. சபை தனி, ஆலயம் தனி. ஆரம்பத்தில் கிறிஸ்தவர்கள் வீடுகளில்தான் கூடினார்கள். சிரியாவில் தூரா யூரோப்போஸ் என்ற இடத்தில் தோண்டி எடுத்த, கி.பி. 240 வாக்கில் வழிபாட்டுக்காக மாற்றியமைத்த ஒரு வீடுதான் நமக்குத் தெரிந்த மிகப் பழைய ஆலயங்களில் ஒன்று. அதுவும் வீடுதான், கவனிங்க.

நிற்க. ஜப்பானுக்குப் போகும் வழி நம்ம முத்துக்குளித்துறை வழியாகத்தான் போகுது.

1542 கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் தூத்துக்குடி, மணப்பாடு பக்கம் வந்தார். தமிழ் தெரியாது. உள்ளூர்க்காரர்களை வைத்து ஜெபங்களைத் தமிழில் எழுத வைத்து, மனப்பாடம் செய்து, மணியடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவர் செய்ததில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இத்தனை ஊருக்கும் தன்னால் ஓட முடியாது என்று புரிந்ததும், ஊருக்கு ஒரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது, ஊரில் நடப்பதைக் குறித்து வைப்பது எல்லாம் அவர் வேலை. சம்பளத்துக்கு போர்ச்சுகல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று இருந்த 4000 பணத்தைக் கேட்டு வாங்கினார் என்பது சுவாரசியமான உபகதை. இன்றைக்கும் நம்ம ஊர்களில் இருக்கும் உபதேசியார் இந்தக் கணக்கப்பிள்ளையின் வாரிசுதான்.

அதே சவேரியார் 1549 ஆகஸ்ட் 15-ம் தேதி, பரலோக மாதா திருநாளன்று, ஜப்பானின் ககோஷிமாவில் கரையிறங்கினார். அவர் இருந்தது இரண்டு வருஷம் சொச்சம்தான். பின்னால் வந்த இயேசு சபையினர் வேலையைத் தொடர்ந்தார்கள். இங்கே 1579-ல் ஹென்றிக்கஸ் பாதிரியார் கொச்சியில் அச்சிட்ட 'கிரீசித்தியானி வணக்கம்' மார்க்கோஸ் ஜோர்ஜ் எழுதிய போர்த்துகீசிய ஞானோபதேசத்தின் தமிழாக்கம். ஜப்பானில் 1590களின் தொடக்கத்தில் அச்சான 'தோச்சிரினா கிரிஷித்தன்' என்ற நூலுக்கும் அதே ஜோர்ஜ் புத்தகம்தான் மூலம். அதாவது மணப்பாட்டுப் பிள்ளையும் நாகசாகிப் பிள்ளையும் ஒரே பாடத்தைத்தான் படிச்சிருக்காங்க. போர்த்துகீசிய 'பாத்ரே' நமக்குப் 'பாதிரி' ஆனது, அவங்களுக்கு 'பத்தேரென்' ஆனது.

1600களின் தொடக்கத்தில் ஜப்பானில் சுமார் 3 லட்சம் கிறிஸ்தவர்கள் இருந்திருப்பார்கள் என்று கணக்கு சொல்கிறார்கள். நாகசாகி கிட்டத்தட்ட கிறிஸ்தவ நகரம்.

அப்புறம் எல்லாம் மளமளவெனச் சரிந்தது. 1587-ல் ஹிதெயோஷி பாதிரிமார்களை வெளியேறச் சொன்னார். 1597 பிப்ரவரி 5-ல் நாகசாகியில் ஒரு மேட்டில் 26 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். 1614-ல் தொகுகவா அரசு நாடு முழுக்கத் தடை போட்டது. நாகசாகிக் கோயில்களை இடித்துத் தள்ளினார்கள். 1637-38-ல் ஷிமாபாராவில் விவசாயிகள் கலகம் செய்தபோது கோட்டையில் இருந்தவர்களை அநேகமாக ஒருவர் விடாமல் கொன்றார்கள். 1644-ல் நாட்டில் மிஞ்சியிருந்த கடைசிப் பாதிரியார் கொனிஷி மான்சியோவும் கொல்லப்பட்டார். கோயில் போச்சு, சாமியார் போச்சு, பூசை போச்சு.

இதுக்கு மேல கிராமத்துக்காரனை அரசு எப்படிப் பிடித்து வைத்திருந்தது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். ஒவ்வொரு குடும்பமும் ஏதாவதொரு புத்த விகாரையில் பேர் பதிந்திருக்க வேண்டும். சாவு விழுந்தால் பிக்கு வந்துதான் காரியம் செய்ய வேண்டும். ஐந்து ஐந்து வீடாகச் சேர்த்து ஒரு குழு, ஒரு வீட்டில் கிறிஸ்தவன் அகப்பட்டால் மற்ற வீடுகளுக்கும் தண்டனை. காட்டிக்கொடுத்தால் வெகுமதி என்று ஊர் முச்சந்தியில் பலகை, பாதிரியைக் காட்டிக்கொடுத்தால் 500 வெள்ளிக்காசு வரைக்கும். இது போக நாகசாகிப் பக்கத்தில் வருஷம் பிறந்ததும் ஃபுமியே. இயேசு அல்லது மாதா உருவம் பொறித்த தகட்டைத் தரையில் வைப்பார்கள். குடும்பம் குடும்பமாக வரிசையில் வந்து அதை மிதித்துவிட்டுப் போகணும்.

மிதிச்சாங்க.

இதை மழுப்பாமல் சொல்லிடணும். மிதிக்க மறுத்தவர்கள் வேதசாட்சிகளாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். சபையை எடுத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தவர்கள் வருஷா வருஷம் மிதித்தவர்கள்தான். எண்டோ ஷூசாக்குவின் 'மௌனம்' நாவல் (1966) இதைச் சுற்றித்தான் சுழலுது, 2016-ல் ஸ்கோர்செசி படமாகவும் எடுத்தார். ஆனா இரண்டிலுமே வெளிநாட்டுப் பாதிரியாரின் மனப்போராட்டம்தான் நடுவில் நிற்குது. எனக்கென்னவோ மிதிச்சுட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்த அந்தக் கிராமத்துப் பொம்பளை மேலதான் ஆர்வம். அவள் அன்று ராத்திரி என்ன செய்தாள்?

அதற்குப் பதில் கிடைக்குது. 'கொன்ச்சிரிசான்' என்று ஒரு ஜெபம் வைத்திருந்தார்கள். போர்த்துகீசியச் சொல்லின் ஜப்பானியத் திரிபு. நம்ம பாட்டிமார் சொல்லும் உத்தம மனஸ்தாபம்தான் அது. கத்தோலிக்க முறையில் பாவசங்கீர்த்தனத்துக்குக் குரு வேணும். குருவே இல்லாத இடத்தில் என்ன செய்வது? முழு மனசோட துக்கப்பட்டு, குரு கிடைக்கும்போது சொல்லுவேன் என்ற தீர்மானம் இருந்தால் மன்னிப்பு உண்டு. இதை விளக்கி 1603-லேயே பிஷப் செர்க்கெய்ரா ஒரு சிறு நூல் போட்டிருந்தார். என்ன வரப் போகுதுன்னு மனுஷனுக்குத் தெரிஞ்சிருக்கு போல. அச்சுப் பிரதிகள் அழிந்தன. மக்கள் கையால் எழுதி எழுதி 250 வருஷம் காப்பாற்றினார்கள்.

இப்ப என் முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். 'மறைந்த கிறிஸ்தவர்கள் விசுவாசத்தைக் காத்தார்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். விசுவாசம் என்ன ஊறுகாயா, ஜாடியில் போட்டு மூடி வைக்க? ஒவ்வொரு வருஷமும் யாரோ ஒருத்தர் எழுந்து ஏதோ ஒரு வேலையைச் செய்தாத்தான் அது நிற்கும். உரகாமி, சொத்தோமே, கோத்தோ தீவுகளில் அந்த வேலையை மூன்றாகப் பிரித்திருந்தார்கள்.

முதலாமவர் 'சோகாத்தா', நாட்காட்டிக்காரர். பண்டிகை எப்போ, தவக்காலம் எப்போ ஆரம்பிக்குது, எந்த நாளில் வேலை செய்யக் கூடாது, எந்த நாளில் ஊசி நூல் தொடக் கூடாது என்றெல்லாம் கணக்குப் பண்ணிச் சொல்ல வேண்டியவர். சின்ன வேலை இல்லைங்க. ஜப்பானியர் அப்போ பின்பற்றியது சந்திர மாதக் கணக்கு, நடுநடுவே அதிக மாசம் வேறு வரும். ஈஸ்டரோ ஆண்டுக்கு ஆண்டு நகரும். பாஸ்தியான் என்ற உபதேசியார் விட்டுப் போனதாகச் சொல்லப்படும், 1634-ம் வருஷத்து நாட்காட்டி ஒன்றை அடிப்படையாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு வருஷமும் புதுசாகக் கணக்குப் போட வேண்டும். தப்பினால் சொல்ல ஆளில்லை.

இரண்டாமவர் 'மிசுகாத்தா', தண்ணீர்க்காரர். ஞானஸ்நானம் கொடுப்பவர். அவசரத்துக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி. அந்த ஒற்றை விதியைப் பிடித்துக்கொண்டு ஏழு தலைமுறை ஓட்டியிருக்காங்க. மூன்றாமவர் 'கிகியாக்கு', சேதி சொல்பவர். நாட்காட்டிக்காரர் சொன்னதை வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர், பிறந்த குழந்தையைத் தண்ணீர்க்காரரிடம் கூட்டிப்போகிறவர்.

நாள் பார்க்க ஒருத்தர், தண்ணி ஊத்த ஒருத்தர், சேதி சொல்ல ஒருத்தர். கணக்கப்பிள்ளையின் மூன்று வேலையும் மூன்று ஆளாகப் பிரிஞ்ச மாதிரி இல்லை? தடைக்கு முன்னாடியே பாதிரிமார்கள் ஊர் ஊராகப் பொதுநிலையினர் சங்கங்களை அமைத்து வைத்திருந்தார்கள். மேலே இருந்த எல்லாமே வெட்டப்பட்டபோது அடியில் இருந்த இந்தச் சங்கம்தான் வேராகத் தாங்கியது.

சாவு வீட்டில் இன்னொரு வேலை நடந்தது. பிக்கு வந்து சூத்திரம் ஓதும்போது, பக்கத்து அறையில் சிலர் உட்கார்ந்து அதை 'அழிக்கிற' ஜெபத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டிருப்பார்கள். குவான்யின் என்ற போதிசத்துவர் சிலையை மாதாவாக நினைத்துக் கும்பிட்டார்கள். ஊர்ப் பிக்குகளுக்கு இதெல்லாம் ஒண்ணுமே தெரியாது என்று நம்ப எனக்குக் கஷ்டமா இருக்கு. தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்த ஒரு சில நல்ல மனுஷங்க இல்லாமல் இந்தக் கதை 250 வருஷம் நீண்டிருக்காது என்பது என் அபிப்பிராயம்.

இடம் மாறினாலும் சபை கூடவே போச்சு. 1797-லிருந்து ஓமுரா பிரபுவின் நிலத்திலிருந்து கோத்தோ தீவுகளுக்கு விவசாயிகளைக் குடியேற்றினார்கள். கேட்டது 1000 பேர், போனது 3000 பேர் வரைக்கும். அதில் நிறையப் பேர் மறைந்த கிறிஸ்தவர்கள். நல்ல நிலமெல்லாம் ஏற்கனவே இருந்தவங்க கையில், இவங்களுக்குக் கிடைத்தது மேடும் பாறையும். அங்கேயும் நாள் பார்க்க ஒருத்தர், தண்ணி ஊத்த ஒருத்தர்.

நம்ம பக்கத்திலும் சின்ன அளவில் இப்படி ஒன்று நடந்திருக்கு. 1658-ல் டச்சுக்காரர்கள் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததும் கத்தோலிக்கக் குருக்களைத் துரத்தினார்கள். 1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் அடிகள் பிச்சைக்காரர் வேஷத்தில் வந்து, கழுத்தில் செபமாலையைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போனார். அதைப் பார்த்து யார் முகம் மாறுகிறது என்று பார்த்துத்தான் தன் ஆட்களைக் கண்டுபிடித்தாராம். அங்கே 29 வருஷம். ஜப்பானில் 1644-லிருந்து கணக்கு வைத்தால் 221 வருஷம். அங்கே குரு மக்களைச் சோதித்தார். ஜப்பானில் மக்கள் குருவைச் சோதித்தார்கள். அதைச் சொல்றேன்.

1858 ஒப்பந்தங்களுக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்கள் தங்களுக்கென்று கோயில் கட்டிக்கொள்ளலாம் என்று ஆனது. ஜப்பானியருக்குத் தடை அப்படியே இருந்தது. நாகசாகியில் ஓரா என்ற மேட்டில் பிரெஞ்சுப் பாதிரிமார்கள் ஒரு கோயிலைக் கட்டி 1865 பிப்ரவரியில் மந்திரித்தார்கள். ஊர்க்காரர்கள் அதை 'பிரான்ஸ் விகாரை' என்று சொல்லி வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

1865 மார்ச் 17, வெள்ளிக்கிழமை, மதியம். பெத்திஜான் என்ற பாதிரியார் வெளியே பார்க்கிறார், மூடிய கதவுக்கு முன்னால் ஒரு பன்னிரண்டு பதினைந்து பேர் நிற்கிறார்கள். ஆண், பெண், குழந்தைகள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் மாதிரி தெரியவில்லை. கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் பீடத்துக்கு முன்னால் முழந்தாளிட்டார். கொஞ்ச நேரத்தில் மூன்று பெண்கள் பக்கத்தில் வந்து மண்டியிட்டார்கள். அதில் ஒருத்தி நெஞ்சில் கைவைத்து, மெதுவாக, இங்கே வந்திருக்கிற எங்க எல்லாருக்கும் உங்க மனசுதான் என்றாள். எங்கேயிருந்து வர்றீங்க என்று கேட்டதற்கு உரகாமி என்றார்கள். சில மைல் தூரத்தில் இருக்கும் கிராமம். அடுத்து அவள் கேட்டது, சாந்தா மரியாவின் சுரூபம் எங்கே?

கூட்டிப்போய்க் காட்டினார். பிள்ளையைக் கையில் வைத்திருக்கிறாள் என்று பார்த்து உறுதிசெய்துகொண்டார்கள். குளிர் மாசத்து 25-ம் நாள் ஆண்டவர் பிறந்த நாளைக் கொண்டாடுவோம், இப்போ துக்க காலம் நடக்குது என்றும் சொன்னார்கள். அந்த வருஷம் சாம்பல் புதன் மார்ச் 1. உண்மையிலேயே தவக்காலத்தின் நடுவில்தான் நின்றார்கள். பஞ்சாங்கம் தப்பவில்லை!

இத்தனைக்கும் நாட்காட்டிக்காரர் உயிரோடு இல்லை. உரகாமியில் பரம்பரையாக வந்த ஏழாவது சோகாத்தா கிச்சிசோ, சில வருஷம் முன்னால், 1856-ல் தொடங்கிய தேடுதல் வேட்டையில் அகப்பட்டுச் சிறையில் செத்திருந்தார். ஏழு தலைமுறை கழித்துக் குருக்கள் கருங்கப்பலில் வருவார்கள் என்று பாஸ்தியான் சொல்லிவைத்ததாக ஒரு நம்பிக்கை அந்தப் பக்கம் உண்டு.

அடுத்த வாரங்களில் ஒவ்வொரு ஊராக ஆட்கள் வந்தார்கள், வந்து கேள்வி கேட்டார்கள். ரோமாபுரியில் இருக்கும் பெரியவர் பேர் என்ன? உங்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை உண்டா? பதில் சரியாக இருந்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. சபை ஏற்கனவே அங்கே இருந்தது. வந்திருப்பது தங்கள் குருதானா என்று அது பரிசோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆனா பெரியப்பா பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. அந்தக் கட்டடம் எழும்பியிருக்காவிட்டால் அவர்கள் எந்தக் கதவுக்கு முன்னால் போய் நின்றிருப்பார்கள்?

குருவைக் கண்ட தைரியத்தில் 1867-ல் உரகாமி மக்கள் சாவுக்குப் பிக்குவைக் கூப்பிட மறுத்தார்கள். கைது ஆரம்பித்தது. அடுத்த வருஷம் ஆட்சி மாறி மெய்ஜி அரசு வந்தது, தடை மாறவில்லை. உரகாமிக் கிறிஸ்தவர்கள் முழு ஊரையும், சுமார் 3,400 பேரை, 1868-லும் 1870-லுமாக நாட்டின் இருபது சொச்சம் இடங்களுக்குப் பிரித்து நாடுகடத்தினார்கள். த்சுவானோவில் நிமிரவும் முடியாத, படுக்கவும் முடியாத மூன்றடிக் கூண்டில் அடைத்தார்கள், பனி உறைந்த குளத்தில் இறக்கினார்கள். 600 பேருக்கு மேல் செத்தார்கள். இந்தத் தடவை மிதிக்கிற வழி திறந்தே இருந்தது, விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னால் வீட்டுக்குப் போகலாம். சொன்னவர்கள் உண்டு, சொல்லாதவர்கள்தான் அதிகம். ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போன ஜப்பானியத் தூதுக்குழுவிடம் போன இடமெல்லாம் இதைக் கேட்டார்கள். 1873 பிப்ரவரியில் தடைப் பலகைகள் இறங்கின. இந்த மொத்தக் கொடுமைக்கும் உரகாமி மக்கள் வைத்த பேர் 'தபி'. பயணம் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

திரும்பி வந்தவர்களுக்கு வீடில்லை, விதை இல்லை. 1874-ல் சீதபேதி பரவியபோது, பயணத்திலிருந்து திரும்பிய இவனாகா மாக்கி என்ற இளம்பெண்ணும் தோழிகளும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், அநாதையான குழந்தைகளை எடுத்து வளர்த்தார்கள். கோயிலுக்கு முன்னால் அநாதை இல்லம் வந்துவிட்டது.

கோயில் 1880-ல். ஆனா எந்த இடம் என்று பாருங்க. வருஷா வருஷம் எந்த ஊர்த்தலைவர் வீட்டு முற்றத்தில் வரிசையில் நின்று தகட்டை மிதித்தார்களோ, அந்த வீட்டையே விலைக்கு வாங்கினார்கள். அதைக் கோயிலாக்கினார்கள். 1895-ல் அங்கேயே செங்கல் கோயில் கட்ட ஆரம்பித்து, காசு தீரத் தீர நிறுத்தி, மறுபடி தொடங்கி 1914-ல் முடித்தார்கள். இரட்டைக் கோபுரம் 1925-ல் வந்தது.

அதற்கப்புறம் இருபது வருஷம். 1945 ஆகஸ்ட் 9, காலை 11.02. அணுகுண்டு வெடித்தது உரகாமிக்கு மேலே, கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டரில். பரலோக மாதா திருநாளுக்குத் தயாராக உள்ளே இரண்டு குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் மிஞ்சவில்லை. உரகாமிப் பங்கின் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் செத்தார்கள். அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, இடிபாட்டிலிருந்து தோண்டி எடுத்த மணியைக் கட்டி அடித்தார்கள்.

1958-ல் பெரிய விவாதம். இடிந்து நின்ற சுவர்களை ஹிரோஷிமா மாடம் மாதிரி நினைவுச்சின்னமாக அப்படியே விடணும் என்று நகரத்தில் பலர் கேட்டார்கள். வேறு இடத்தில் புதுக் கோயில் கட்டிக்கொள்ளலாமே? பிஷப் யாமகுச்சியும் பங்கு மக்களும் சம்மதிக்கவில்லை. முன்னோர்கள் மிதித்த இடம், அதனாலேயே வாங்கிய இடம், கோயில் இங்கேதான் என்று இடித்துவிட்டு 1959-ல் திரும்பக் கட்டினார்கள். ஒரு துண்டுச் சுவர் மட்டும் குண்டு வெடித்த இடத்துப் பூங்காவுக்குப் போனது. இடிபாட்டை இழந்தது தப்பு என்று இன்றைக்கும் வருத்தப்படுகிறவர்கள் இருக்காங்க. எனக்கும் இரண்டு மனசுதான். 250 வருஷம் கட்டடமே இல்லாமல் இருந்த ஜனங்க, இந்த ஒரு மனையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்னு நின்னாங்க பாருங்க.

இன்னொரு பாதிக் கதை பாக்கி இருக்கு. 1873-க்குப் பிறகு எல்லோரும் ரோமுடன் சேரவில்லை. கணிசமானவர்கள், முக்கியமாக இகித்சுகி தீவில், தங்கள் வழியிலேயே இருந்துவிட்டார்கள். வந்த பாதிரியார் பழக்கங்களை விடச் சொன்னார், வீட்டிலிருக்கும் முன்னோர் பீடத்தை எடுக்கச் சொன்னார். எங்க அப்பன் பாட்டன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றியது இதுதான், இதை எப்படி விடுவது என்பது அவர்கள் கேள்வி. தப்பா? எனக்குச் சொல்லத் தெரியலை. வீட்டு உள்ளறை அலமாரியில் தொங்கும் ஓவியச் சுருள்தான் அவர்களுக்குப் பீடம். வேதசாட்சிகள் செத்த நகயேனோஷிமா என்ற சிறு தீவில் பாறையிடுக்கில் கசியும் தண்ணீரை எடுத்து வந்துதான் ஞானஸ்நானம். 'ஒராஷோ' என்று அவர்கள் முணுமுணுக்கும் ஜெபத்தில் லத்தீனும் போர்த்துகீசியமும் அர்த்தம் தேய்ந்து ஒலியாக மட்டும் கிடக்கும்.

நாகசாகிப் பகுதியை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க ஜப்பான் முதலில் விண்ணப்பித்தபோது கோயில்களைத்தான் முன்னால் வைத்தது. தடை இருந்த காலம்தான் இதில் விசேஷம், அதைக் காட்டுங்கள் என்று நிபுணர் குழு சொன்னதால் 2016-ல் திரும்பப் பெற்று, பேரையே 'மறைந்த கிறிஸ்தவர் தலங்கள்' என்று மாற்றினார்கள். 2018-ல் பட்டியலில் ஏறியது. அந்த 12 இடங்களில் பெரும்பாலானவை ஊர்கள்.

அந்தப் பேர் வந்த நேரத்தில் இகித்சுகியில் குழுக்கள் ஒவ்வொன்றாகக் கலைந்துகொண்டிருந்தன. போலீஸ் இல்லை, ஃபுமியே இல்லை. பிள்ளைகள் வேலைக்கு நகரத்துக்குப் போய்விட்டார்கள், பொறுப்பை எடுக்க ஆளில்லை. கலைத்த குழுக்கள் சில, அலமாரியில் இருந்த சுருளையும் தண்ணீர்ப் பாத்திரத்தையும் தீவிலிருக்கும் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்துவிட்டன. நல்ல கட்டடம், கண்ணாடிப் பெட்டி, விளக்கு எல்லாம் உண்டு.

பெரியப்பாவிடம் இந்தக் கதையை போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "நம்ம உபதேசியாருக்கு வயசாயிடுச்சுடா. அடுத்து யாரைப் போடுறதுன்னு தெரியலை. வரி கட்டிட்டே, சரி. திருநாளுக்கு வர்றியா?"ன்னார்.